எதுவும் சேர்க்காத வரிசை

பெனி சுவைஃபுக்குத் தெற்கே
பருத்தி ஆலையின் கிடங்காக இருந்த கொட்டகை.
ஆகஸ்டு, மதியம் இரண்டு மணி.
சுவர்க் கடிகாரம் நின்று மூன்று வாரமாகிறது,
அதற்குக் கீழே வெப்பமானி மட்டும்
வேலையில் இருக்கிறது:
நாற்பத்தொன்று.

முயலுக்கு வியர்க்காது.
உள்ளே சேரும் வெக்கையை வெளியே அனுப்ப
அதற்கு வாய்த்தது இரண்டு காதுகள்.
சன்னலோரம் தூக்கிப் பிடித்தால்
சிவப்பாய்க் கிளை கிளையாய்
நைல் கடலுக்குப் போகும் வரைபடம் தெரியும்.
காற்றும் அதே சூட்டில் இருக்கும்போது
அந்த ஆறு எங்கே போய்ச் சேரும்?

நான்கு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு கூண்டு.
முதல் வரிசைத் தீவனத்தில் வைட்டமின் சி.
அடுத்ததில் துத்தநாகம், கூடவே செலினியம்,
சிட்டிகைக்கும் குறைவு,
அளக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன்,
விட்டால் ஒரு வாரக் கணக்கு பறந்துவிடும்.
மூன்றாவதற்குப் பொடித்த கருஞ்சீரகம்.
அதை அள்ளும்போதெல்லாம்
எனக்குத்தான் பசிக்கிறது.

நான்காம் வரிசைக்கு எதுவும் கிடையாது.
அதே பெர்சீம் வைக்கோல், அதே சோளம்,
அதே வெயில்.
மற்ற மூன்றும் எவ்வளவு தேறின என்று காட்ட
அவை தேறாமல் இருக்க வேண்டும்.
அதுதான் அவற்றின் உத்தியோகம்.

வியாழக்கிழமைதோறும் எடை.
வஜீஹ் பிடரியைப் பற்றி, பின்னங்காலைத் தாங்கி
தராசில் இறக்குவான்.
பட்டாளத்திலிருந்து போன வருடம் வந்தவன்,
எண்ணைச் சொல்லும்போது விறைத்து நிற்பான்.
நான் எழுதுவேன், இன்ஷிராஹ் என்று
ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்திட்டு.

நான்காம் வாரம், கடைசி வரிசை:
தலைக்குத் தொண்ணூறு கிராம் கூடியிருந்தது.
ஐந்தாம் வாரம் எழுபது.
மூக்கு நனைந்து, நிமிடத்துக்கு இருநூறு மூச்சு,
தீவனத் தொட்டி வைத்தபடியே இருந்தது.
நாங்கள் எதிர்பார்த்தபடியே.

ஆறாம் வாரம் நூற்று அறுபது.

தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன்.
மறுபடி வைக்கச் சொன்னேன்.
நூற்று அறுபத்தொன்று.
வஜீஹ் சாக்கடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.
கை நகத்தடியில் கறுப்பு.
எனக்குப் பசித்தது.

“தரையில் சிந்தியதுதான், டாக்டரம்மா.
கூட்டி எடுத்தேன். எறும்புக்குப் போகிறதை
இதுகளுக்குப் போட்டேன்.”
“எவ்வளவு?”
“எடை போடவில்லை.”

கத்தியிருப்பேன்.
கெய்ரோவில் துரையா அம்மையார் காத்திருக்கிறார்,
ஆறு வாரம், நாற்பத்தெட்டு உயிர்,
இனிப் புதிதாகத் தொடங்கினால்
செப்டம்பர் வந்துவிடும், வெயில் தணிந்துவிடும்,
வெயில் இல்லாமல் இந்தக் கேள்வியே இல்லை.

இரக்கம் என்று சொல்லவும் முடியவில்லை.
பதின்மூன்றாம் வாரம் எல்லாம் சந்தைக்குப் போகும்,
முளூக்கியாவின் பச்சைக் குழம்பில் கொதிக்கும்.
அவனுக்கும் தெரியும்.
போன முறை
பேரம் பேசி இரண்டு வாங்கிப் போனவன் அவன்.

ஆனால் கத்தவில்லை.
மின்சாரம் போன செவ்வாய் இரவு,
விசிறிகள் ஒவ்வொன்றாய் நின்றபோது,
மதியச் சாப்பாட்டுப் பையிலிருந்த
பாதி உறைந்த தண்ணீர்ப் போத்தலை
நாற்பத்து மூன்றாம் கூண்டுக்குள்
உருட்டிவிட்டவள் நான்.
அது ஒட்டிப் படுத்தது, காதை அதன்மேல் போட்டு.
ஏன் நாற்பத்து மூன்று? கதவோரம் இருந்தது.
எந்தக் கட்டத்திலும் அதை எழுதவில்லை.

நான்காம் வரிசைக்கு எதிரே
பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன்.
குறிப்புக்கு விட்ட இடம் இரண்டு விரல் அகலம்.
“கருஞ்சீரகம், அளவு தெரியாது” என்று எழுதினேன்.
“பனிக்கட்டி” என்று எழுதத் தொடங்கி
“ப”வோடு இடம் முடிந்தது.

வஜீஹ் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான்.
தரை சுத்தமாக இருந்தது,
ஒரு விதைகூட இல்லை.
கடைசி வரிசையில்
பன்னிரண்டு தாடைகள்
அரைத்துக்கொண்டிருந்தன.